சம்பளத் தேதியில் பிறந்த சிரிப்பு: தேவனின் நாவல்கள்

தேவன் என்றதும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது ஒரு மூக்கும் ஒரு வழுக்கைத் தலையும்தான். இரண்டும் துப்பறியும் சாம்புவுக்குச் சொந்தம். சாம்புவைப் படைத்த ஆர். மகாதேவன் என்கிற தேவன் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றில் பாதிக்கு மேல் இன்று பெயரளவில்தான் நிற்கின்றன. மிஸ்டர் வேதாந்தம், ஸ்ரீமான் சுதர்சனம், ராஜத்தின் மனோரதம், ஜஸ்டிஸ் ஜகந்நாதன், லக்ஷ்மி கடாட்சம், கோமதியின் காதலன், மிஸ் ஜானகி எனப் பட்டியலைச் சொன்னால் “எங்கள் தாத்தா பைண்டு பண்ணி வைத்திருந்தார்” என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். சமீபத்தில் படித்தேன் என்று சொல்பவர்களைத்தான் தேட வேண்டும்.

தேவன் 1913 செப்டம்பரில் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஒரு போக்கிரிப் பையனைப் பற்றி எழுதிய கட்டுரையை ஆனந்த விகடனுக்கு அனுப்பினார். அப்போது விகடனின் ஆசிரியர் கல்கி. அந்தக் கட்டுரை பிரசுரமானதோடு எழுதியவருக்கு வேலையும் கிடைத்தது. 1933இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர், கல்கி விலகிச் சொந்தப் பத்திரிகை தொடங்கிய பின், 1942 முதல் நிர்வாக ஆசிரியர் ஆனார். 1957 மே 5ஆம் தேதி இறக்கும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தார். அப்போது அவருக்கு வயது 44கூட நிறையவில்லை.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தேவன் முழுநேரப் பத்திரிகை உத்தியோகஸ்தர். அடுத்தவர் எழுத்தைத் திருத்தி, படக்காரரிடம் படம் கேட்டு வாங்கி, அச்சுக்கூடத்துக்குப் பக்கம் அனுப்பி, நடுவில் தன் தொடருக்கும் அத்தியாயம் எழுதியவர். மாதச் சம்பளக்காரர். அவருடைய நாயகர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், அல்லது அந்தச் சம்பளத்துக்கு ஏங்குகிறவர்கள். தமிழில் காதலை, வீரத்தை, பக்தியை வைத்து நாவல் எழுதியவர்கள் உண்டு. முதல் தேதிக்கும் முப்பதாம் தேதிக்கும் நடுவில் ஒரு குடும்பம் படும் பாட்டை வைத்து இத்தனை பக்கம் சிரிக்க வைத்தவர் தேவன்தான். சாம்புவின் புகழ் இந்த விஷயத்தை மறைத்துவிட்டது.

தேவனுக்கு முன்னால் ஒருவர் இருந்தார், எஸ்.வி.வி. என்கிற எஸ்.வி. விஜயராகவாச்சாரியார். திருவண்ணாமலையில் வக்கீல் தொழில் பார்த்தவர். முதலில் ஆங்கிலத்தில் இந்து பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார். 1933 வாக்கில் விகடன் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. உல்லாஸ வேளை, ராமமூர்த்தி, செல்லாத ரூபாய், கோபாலன் ஐ.சி.எஸ். முதலியவை அவர் எழுதியவை. மாமியார், மருமகள், மாப்பிள்ளை முறுக்கு, கட்சிக்காரர் தராத பீஸ் என்று வீட்டுத் திண்ணையிலும் கோர்ட்டு வராந்தாவிலும் கேட்ட பேச்சை அப்படியே தாளில் இறக்கினார். 1950இல் காலமானார். தேவன் பாதி மறக்கப்பட்டவர் என்றால் எஸ்.வி.வி.யை முக்கால்வாசி மறந்துவிட்டோம். எஸ்.வி.வி.யிடம் இருந்தது பேச்சு. தேவன் அந்தப் பேச்சுக்குக் கதையின் இயந்திரத்தைப் பூட்டினார்.

அந்த இயந்திரத்தைப் பார்ப்பதற்குச் சாம்புவே சௌகரியமான இடம். சாம்பு நாற்பது வயதைத் தாண்டிய பேங்க் குமாஸ்தா. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒருமனதாக அவனை முட்டாள் என்கிறார்கள். அவனுக்கும் அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ஒரு தற்செயலால் ஒரு குற்றம் துலங்க, அந்தப் பெருமை அவன் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு அவன் பயந்து ஒளிந்தாலும் அது வியூகம், உளறினாலும் அது குறிப்பு. இன்ஸ்பெக்டர் கோபாலன் அந்த உளறலுக்கு உரை எழுதிக்கொண்டே போய் நிஜமான திருடனைப் பிடித்துவிடுவார். மனைவி வேம்பு வந்து சேர்கிறாள், பிறகு மகன் சுந்து பிறக்கிறான். கதைக்குக் கதை சாம்புவின் புகழ் ஏறுகிறது. புத்தி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1942இல் தொடங்கிய இந்த வரிசை, பீட்டர் செல்லர்ஸ் நடித்த இன்ஸ்பெக்டர் குளூஸோ திரைக்கு வருவதற்கு இருபது ஆண்டுகள் முந்தியது. குளூஸோ தன்னை மேதை என்று நினைத்துக்கொள்கிறவர். சாம்புவுக்கு அந்தப் பிரமை கிடையாது, அவனை மேதை என்று நம்புவது ஊர்தான். இதில் ஒரு கூர்மையான கேலி இருக்கிறது. பதவி ஒருவனுக்கு வந்துவிட்டால் அவன் வாயிலிருந்து வரும் எதற்கும் அர்த்தம் கண்டுபிடிக்க ஆள் வந்துவிடும் என்பதைத் தேவன் ஒரு அலுவலகக்காரரின் அனுபவத்தோடு சொல்கிறார். ஆரம்பத்தில் ஓவியர் ராஜு வரைந்த சாம்புவின் உருவம் வாசகர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் கோபுலு அதைப் படக்கதையாக வரைந்தார். காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்த தொலைக்காட்சித் தொடர் இன்னொரு தலைமுறைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒருவேளை படமும் நடிப்பும் இல்லாமல் போயிருந்தால் சாம்புவும் மற்ற நாவல்களோடு அலமாரிக்குள் போயிருப்பான்.

உண்மையில், எல்லாக் கதைகளையும் ஒரே மூச்சில் படித்தால் சாம்பு அலுக்கும். உத்தி ஒன்றுதான் என்பது ஏழெட்டுக் கதைகளுக்குள் தெரிந்துவிடும். வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு அந்தக் குறை தெரிந்திருக்காது. தேவனின் பலம் முழுதாகத் தெரிய நீண்ட நாவல்களுக்குத்தான் போக வேண்டும்.

ஸ்ரீமான் சுதர்சனம் அவற்றில் முதலில் வைக்க வேண்டியது. சுதர்சனம் ஒரு கம்பெனிக் குமாஸ்தா. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத சாது. செலவு மட்டும் வரவை எப்போதும் ஒரு சுற்று முந்திக்கொண்டு ஓடுகிறது. பெரிய ஊதாரித்தனமும் கிடையாது. எல்லாம் சின்னச் சின்ன நியாயமான செலவுகள்தான். வீட்டுக்குத் தேவையானது, கௌரவத்துக்குத் தேவையானது, மறுத்தால் மனஸ்தாபம் வரக்கூடியது. ஒரு கட்டத்தில் அவர் கம்பெனிப் பணத்தில் கை வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு நாவல் முழுக்க அந்த ஒரு கணக்குப் பிழையின் நிழலில் நடக்கிறது. யார் கூப்பிட்டாலும் திடுக்கிடுகிறார். பாராட்டினால் இன்னும் பயப்படுகிறார். மேலதிகாரி நம்பிக்கை வைக்க வைக்க, படிக்கிறவருக்குச் சிரிப்பும் வயிற்றில் ஒரு கலக்கமும் சேர்ந்தே வருகின்றன.

இந்த நாவலைக் காஞ்சிபுரத்துப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு இன்னொரு கதை நினைவுக்கு வராமல் போகாது. பிரியதர்ஷன் இயக்கி 2008இல் வெளிவந்த ‘காஞ்சிவரம்’ படம். பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளி வேங்கடம், மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற, முதலாளியின் பட்டு இழைகளைச் சிறிது சிறிதாக வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். கதை நடப்பது நாற்பதுகளில். தேவனின் குமாஸ்தா வாழ்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். இருவரும் செய்தது ஒரே காரியம்: குடும்பத்துக்காக முதலாளியின் உடைமையைத் தொட்டார்கள். சென்னைக் குமாஸ்தாவின் குற்றம் லெட்ஜரில் ஓர் எண்ணாக இருக்கிறது. அதைத் திருத்த வழியுண்டு, அவகாசமுண்டு, அதனால் அது நகைச்சுவை நாவலாக முடிகிறது. நெசவாளியின் குற்றம் அவன் வாய்க்குள்ளேயே இருக்கிறது. திருத்த இடமில்லை, அது சோகத்தில்தான் முடிய முடியும். மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு ஒரு மனிதனுக்குத் தரும் மிகப்பெரிய சலுகை, தப்பு செய்துவிட்டு அதை யோசித்துப் பார்க்கக் கிடைக்கும் நேரம். தேவனின் சிரிப்பு அந்தச் சலுகையின் மேல்தான் நிற்கிறது.

காஞ்சிபுரத்தின் ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தறிக்குழியில் இறங்கி உட்காரும் நெசவாளிக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. புடவைக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு. கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும், கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒரு புடவையை அறுத்துக் கொடுக்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை வருமானம் இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் கூலியில் கழிந்துவிடும். தேவனின் உலகத்தில் பட்டுப்புடவைக்குச் செலவுக் கணக்கில் மட்டுமே இடம். அதை நெய்தவர் கதைக்குள் வருவதில்லை. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கும்பகோணத்திலேயே பட்டுத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தறிகளைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவர, பட்டுச் சரிகை வியாபாரமே செய்த எம்.வி. வெங்கட்ராம் ‘வேள்வித் தீ’ எழுத வேண்டியிருந்தது. அதற்காகத் தேவனைக் குறை சொல்வது நியாயமாகாது. எல்லோரும் எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆனால் அவர் வரைந்த வட்டம் எவ்வளவு சின்னது என்பதை மறைக்கவும் கூடாது.

ராஜத்தின் மனோரதம் அந்த வட்டத்துக்குள் எழுதப்பட்ட இன்னொரு நல்ல நாவல். விஷயம் வீடு கட்டுவது. வாடகை வீட்டுக்காரர்களின் ரோதனை தாங்காமல் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று ஆரம்பிக்கும் ஆசை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் வீட்டைக் காலி செய்வது பெருமாளையே விட்டு வைக்காத விஷயம். பல்லவ ராஜா திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொல்ல, ஆழ்வாரும் அவர் வாக்கைக் கேட்டுப் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பி ஓரிக்கையில் ஓர் இரவு தங்கினார்கள் என்பது தலபுராணம். மறுநாள் ராஜா வந்து கெஞ்சி எல்லோரையும் திருப்பி அழைத்தான். சென்னை வாடகை வீட்டுக்காரர்கள் அப்படிக் கெஞ்சியதாக எந்தப் புராணமும் இல்லை. ஆகவே ராஜத்துக்கு மனோரதம் பிறக்கிறது.

மனை பார்ப்பது, பத்திரம் பார்ப்பது, பிளான் போடுவது, மேஸ்திரியோடு மல்லுக்கட்டுவது, ஆளாளுக்கு வந்து சொல்லும் யோசனைகள் என்று நாவல் நகர்கிறது. பாதிச் சுவர் எழும்பிய பிறகு “இந்த ஜன்னலை அந்தப் பக்கம் வைத்திருக்கலாமே” என்று சொல்லும் உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் எது? தேவன் இங்கே செய்யும் வேலை நுட்பமானது. வீடு கட்டும் விவரங்களைக் கிட்டத்தட்ட ஒரு கையேடு போலத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டே அந்தத் துல்லியத்திலிருந்தே சிரிப்பை எடுக்கிறார். பட்ஜெட் என்று ஒன்று போடப்பட்டு, அது மதிப்பிழந்து, கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்றாகும் படிப்படியான வீழ்ச்சி, வங்கிக் கடனில் வீடு கட்டும் இன்றைய ஆசாமிக்கும் அப்படியே பொருந்தும். தேவனின் நாவல்களில் காலத்தால் மிகக் குறைவாக மூப்படைந்தது இதுதான்.

ஜஸ்டிஸ் ஜகந்நாதன் வேறு ரகம். முழுக்க நகைச்சுவை நாவல் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு கொலை வழக்கு விசாரணை, பெரும்பகுதி கோர்ட்டுக்குள்ளேயே நடக்கிறது. அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன நகைச்சுவைச் சித்திரம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர், கேட்காத கேள்விக்கு விரிவாகச் சொல்பவர், எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகப் பேசினாலே பயப்படுபவர் என்று ஆளுக்கொரு தினுசு. குறுக்கு விசாரணையின் தாளம் தேவனுக்கு அபாரமாகக் கைவந்திருக்கிறது. சாட்சி எந்த வாக்கியத்தில் வழுக்கப்போகிறார் என்பது வாசகருக்கு ஒரு வரி முன்னதாகத் தெரியும். அந்த ஒரு வரி இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது.

நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு ஜூரர்கள். அன்றைய உயர் நீதிமன்ற செஷன்ஸ் விசாரணையில் ஒன்பது பேர் ஜூரியாக உட்காருவார்கள். சட்டம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சொந்த வேலையை விட்டுவிட்டு வந்து, ஒருவன் உயிர் போவதா இருப்பதா என்று சொல்ல வேண்டும். தேவன் அவர்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார், அவரவர் சொந்தக் கவலை தீர்ப்பில் எப்படிக் கலக்கிறது என்று காட்டுகிறார். சிட்னி லூமெட் இயக்கிய ‘12 ஆங்கிரி மென்’ படத்தை 1957இலிருந்து உலகம் கொண்டாடுகிறது. தமிழில் அதே கேள்வியைக் கேட்ட ஒரு தொடர்கதை விகடன் பக்கங்களில் வந்தது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் ஜூரி முறை படிப்படியாகக் கைவிடப்பட்டு, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமலே போயிற்று. ஆகவே இந்த நாவல் இப்போது ஓர் ஆவணமும்கூட. கோர்ட்டு விவகாரம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலைக்கும் தென்கலைக்கும் நடந்த வழக்குகள் தலைமுறை தலைமுறையாக இழுத்தவை. அந்த வழக்குகளின் சாட்சியங்களைப் பார்க்கத் தேவன் இருந்திருந்தால் இன்னொரு நாவல் கிடைத்திருக்கும்.

மிஸ்டர் வேதாந்தத்தைப் பலர் தேவனின் தலைசிறந்த நாவல் என்பார்கள். தகப்பனாரை இழந்து, சொத்தும் கைவிட்டுப்போன ஓர் இளைஞன், சென்னைக்கு வந்து காலூன்றப் படும் பாடு அது. வேலை தேடி அலைவதும், எழுத்தாளனாகும் ஆசையும், பத்திரிகை உலகத்தின் உள்வேடிக்கைகளும் இருக்கின்றன. அவற்றைப் பத்திரிகை ஆசிரியரே எழுதியதால் ஒரு வரி கூடப் பொய்யாக ஒலிக்காது. கதாநாயகனைவிட அவனைச் சுற்றி வரும் ஆட்கள்தான் மனத்தில் நிற்கிறார்கள். நீளம் மட்டும் அதிகம். வாரப் பத்திரிகையில் வாசகர் வரவேற்பு இருக்கும்வரை கதை நீளும், அந்த நீட்டல் புத்தகத்தில் இழுவையாகத் தெரியும். லக்ஷ்மி கடாட்சத்துக்கும் இதே வியாதி, இன்னும் கொஞ்சம் முற்றிய நிலையில். அதில் கண்ணீரும் கூடுதல்.

கோமதியின் காதலன் முற்றிலும் விளையாட்டு. ஆள்மாறாட்டக் கதை. 1955இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் டி.ஆர். ராமச்சந்திரனும் சாவித்திரியும் நடித்துப் படமாகவும் வந்தது. ஓர் ஆங்கில நாவலாசிரியரின் நிழல் இதில் நன்றாகத் தெரியும். பி.ஜி. உட்ஹவுஸ் தேவனுக்குப் பிடித்த எழுத்தாளர். சிக்கலை மேலும் மேலும் பின்னி, கடைசியில் ஒரே இழுப்பில் அவிழ்க்கும் கலையை அவரிடம்தான் கற்றிருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், உட்ஹவுஸின் ஆட்களுக்குப் பணக்கவலை வந்தால் ஓர் அத்தை செக் எழுதுவாள். தேவனின் ஆட்களுக்கு அத்தை இருந்தாலும் அவளுக்கும் மாதக் கடைசியில் கை கடிக்கும்.

தேவனின் நடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதை சொல்பவர் ஒருபோதும் சிரிப்பதில்லை. அலுவலகக் குறிப்பு எழுதுகிறவர் போல நிதானமாக, கொஞ்சம் சம்பிரதாயமாகவே சொல்லிக்கொண்டு போவார். சிரிப்புக்கு உரிய இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு சாதாரண வாக்கியம் எழுதுவார், அவ்வளவுதான். ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளிக்கிற பிற்கால நகைச்சுவை எழுத்துக்குப் பழகியவர்களுக்கு இந்த அடக்கம் முதலில் மந்தமாகத் தோன்றலாம். இருபது பக்கம் பொறுத்தால் போதும். உரையாடலில் பிராமண வீட்டுப் பேச்சு மட்டுமன்றி, வேலைக்காரர், வண்டிக்காரர், போலீஸ்காரர், மார்வாடி வியாபாரி என்று ஆளுக்கு ஆள் தொனி மாறும். எல்லாருமே சரியாக வந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கீழ்த்தட்டு மனிதர்கள் பல இடங்களில் வேடிக்கைக்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். பெண்களில் கெட்டிக்காரிகள் உண்டு, பல கதைகளில் ஆணைவிடப் புத்திசாலி அவர்கள்தான். ஆனால் அந்தப் புத்தி முழுக்கக் குடும்பத்தைக் கரையேற்றவே செலவாகும்.

இவ்வளவு சரக்கு உள்ள எழுத்தாளர் பாதி மறந்துபோனது ஏன்? காரணங்கள் பல. அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய தொடர்கள் புத்தகமாகவில்லை. இறந்த பிறகுதான் நூல்கள் வரத் தொடங்கின. வாரப் பத்திரிகையில் புகழோடு இருந்தவருக்குப் புத்தக அலமாரியில் இடம் தாமதமாகக் கிடைத்தது. இலக்கிய விமரிசகர்களும் உதவவில்லை. 1933இல் தொடங்கிய மணிக்கொடி இதழின் வழி வந்தவர்களுக்கு விகடன் எழுத்து என்றாலே பொழுதுபோக்கு, அதிலும் நகைச்சுவை என்றால் இரட்டைக் குற்றம். புதுமைப்பித்தனின் கேலிக்கு இலக்கிய அந்தஸ்து கிடைத்தது. தேவனின் கேலி ரயில் பயணத்துக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது.

பெரிய காரணம் அரசியலும் மொழியும். தேவன் நிர்வாக ஆசிரியரான அதே 1942இல், காஞ்சிபுரத்திலிருந்து சி.என். அண்ணாதுரை ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், நையாண்டியில் மன்னர். அவருடைய நையாண்டி மேடையிலிருந்து கீழே இருக்கும் ஆயிரம் பேரை நோக்கிப் பாய்வது. அடுக்குமொழியில் வந்து, எதிரியின் பெயரைச் சொல்லித் தாக்குவது. தேவனுடையது கூடத்தில் உட்கார்ந்து நாலு பேருக்குப் படித்துக்காட்டுவது. அடுத்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் படிக்கும் கூட்டம் பல மடங்கு பெருகியது. புதிதாகப் படிக்க வந்தவர்களின் வீட்டுப் பேச்சு தேவனின் பேச்சாக இல்லை. அம்பி, அத்திம்பேர், மாட்டுப்பெண் என்று வரும் பக்கங்கள் அவர்களுக்குப் பக்கத்துத் தெருவின் விவகாரம். சின்னக் காஞ்சிபுரத்து மாட வீதிகளில் அந்தப் பேச்சு இன்னமும் காதில் விழும். நெசவாளர் தெருக்களில் அதற்கு வேலை கிடையாது. தேவன் எழுதிய சென்னையும் கரைந்துபோனது. ஒண்டுக்குடித்தனங்கள் அடுக்குமாடிகளாயின. குமாஸ்தா என்ற உத்தியோகமே பெயர் மாறிவிட்டது.

வேறு நாட்டில் இதே விதியைச் சந்தித்த ஒருவர் ஸ்காட்லாந்தின் நீல் மன்றோ. 1863இல் பிறந்து 1930இல் இறந்தவர். கிளாஸ்கோ ஈவினிங் நியூஸ் நாளிதழில் வேலை பார்த்தார், பின்னர் அதன் ஆசிரியராகவும் இருந்தார். தன் மதிப்பெல்லாம் வரலாற்று நாவல்களில் இருக்கிறது என்று நம்பியவர் பத்திரிகைப் பத்தியை நிரப்ப 1905இல் பாரா ஹாண்டி என்ற சின்னச் சரக்குக் கப்பல் கேப்டனைப் படைத்தார். அந்தக் கதைகளுக்குத் தன் பெயரைக்கூடப் போடவில்லை, ஹியூ ஃபௌலிஸ் என்ற புனைபெயரில் வெளியிட்டார். இன்று அவருடைய வரலாற்று நாவல்களைப் படிப்பவர்கள் சொற்பம். பாரா ஹாண்டி மட்டும் பிபிசி தொடர்களாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு உயிரோடு இருக்கிறான். பத்திரிகை ஆசிரியர் பொழுதுபோக்காக விட்ட ஒரு பாத்திரம் அவரையே மூடிவிட்டது. சாம்பு செய்ததும் அதுதான். ஆனால் மன்றோவின் வரலாற்று நாவல்கள் காலாவதியாக நியாயமுண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேவனின் சம்பளக்கார நாவல்களுக்கு அந்த நியாயம் இல்லை. மாதத் தவணை, வாடகை முன்பணம், ஆபீஸ் கணக்கு, கல்யாணச் செலவு, இவை எதுவும் தமிழ்நாட்டில் ஒழிந்துவிடவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரைதான் உரிமை. எஸ்.வி.வி.யின் எழுத்துக்கு அந்தக் காலம் 2010 இறுதியோடு முடிந்தது, தேவனுக்கு 2017 இறுதியோடு. இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அல்லயன்ஸ், கிழக்கு போன்ற பதிப்பகங்கள் தேவனின் நூல்களை வெளியிட்டிருக்கின்றன. யாராவது குறிப்புகளோடு, ராஜுவும் கோபுலுவும் வரைந்த படங்களோடு ஒரு பதிப்பு கொண்டுவந்தால் நல்லது. படங்கள் இல்லாத தேவன் பாதித் தேவன்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் சாம்புவில் நாலைந்து கதைகளோடு நிறுத்திக்கொண்டு நேராக ஸ்ரீமான் சுதர்சனத்துக்குப் போகலாம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ராஜத்தின் மனோரதம், கட்டி முடித்த பிறகு படித்தால் உத்தமம். நீதிமன்றப் பக்கம் வேலையுள்ளவர்கள் ஜஸ்டிஸ் ஜகந்நாதனை விடக் கூடாது. மிஸ்டர் வேதாந்தத்தை, பத்திரிகையில் வந்தபடியே வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்துப் பாருங்கள். லக்ஷ்மி கடாட்சத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.